நடுவில் மூன்றரை மணி நேரம்

கிருஷ்ணகிரி மாவட்டக் குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையோரம் விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். சிப்காட் வளாகத்துக்குப் போகிறவை சில. சூளகிரிக்கும் ஓசூருக்கும் ஆள் ஏற்றிப் போகிறவை சில. ஆறு மணி ஷிப்ட் என்றால் ஐந்துக்கெல்லாம் வீட்டை விட்டு இறங்கியாக வேண்டும். மாமியார் சொந்த ஊரில், அம்மா வேறு மாவட்டத்தில், கணவனுக்கும் ஷிப்ட். தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டுபோய், அடுத்த தெரு அக்கா வீட்டில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடும் பெண்கள் இந்தத் தொழிற்பேட்டை ஊர்களில் நிறைய. மாதம் இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் ஒரு தொகை. ரசீது கிடையாது.

பிள்ளைக்கு மூன்று வயது முடியும்வரை கணக்கில் சிக்கல் வராது. எல்.கே.ஜி.யில் சேர்த்ததும் வந்துவிடும். ஒன்பது மணிக்கு நர்சரி, பன்னிரண்டரைக்கு விட்டுவிடுவார்கள். இடையில் மூன்றரை மணி நேரம் பிள்ளை அக்கா வீட்டில் இல்லை. நர்சரிக்கு பீஸ் கட்டியாகிறது. பிறகும் அக்காவுக்கு ஏன் பழைய தொகை முழுசாக? இது தாயின் கேள்வி. குறைத்தால் கட்டுப்படியாகாது என்பது அக்காவின் பதில். இருவரில் யாரும் பேராசைக்காரி இல்லை. அதனால்தான் தீர்ப்பு சொல்வது கடினமாக இருக்கிறது.

தாயின் வாதம் லேசானதல்ல. நேரத்துக்குத்தான் கூலி என்ற கணக்கிலேயே அவளுடைய சம்பளமும் ஓடுகிறது. ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டால் சம்பளச் சீட்டில் அது தெரிகிறது. தமிழ்நாடு அரசும் 2018இல் வீட்டுவேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தபோது மணிக்கு இவ்வளவு என்றே வகுத்தது. பாத்திரம் துலக்கவும் தரை துடைக்கவும் அந்தக் கணக்கு பொருந்தும். பிள்ளை பார்ப்பதற்குப் பொருந்துமா?

அந்த மூன்றரை மணி நேரத்தை வைத்துக்கொண்டு அக்கா என்ன செய்துவிட முடியும் என்று பார்க்க வேண்டும். எட்டே முக்காலுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டி, இட்லி ஊட்டி, நர்சரி வாசலில் விட வேண்டும். பன்னிரண்டரைக்கு அதே வாசலில் நிற்க வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகலாமா? 2023 ஜனவரி முதல் அங்கே காலையிலும் பிற்பகலிலும் போட்டோ எடுத்துத்தான் வருகைப்பதிவு. பாதியில் கிளம்பி வந்தால் அன்றைய கூலி சந்தேகம்தான். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி வட்டார மாங்கூழ் ஆலைகளில் ஆள் எடுப்பார்கள், ஆனால் அங்கேயும் முழு ஷிப்ட்தான். பத்தரைக்குப் பிள்ளை வாந்தி எடுத்தால் நர்சரியிலிருந்து போன் யாருக்கு வரும்? தாயின் போன் லாக்கரில் கிடக்கும். அக்காவுக்குத்தான் வரும். பெயருக்குத்தான் அது ஓய்வு நேரம். வேறு யாருக்கும் விற்க முடியாத நேரம்.

பக்கத்துக் குந்தாரப்பள்ளியின் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போகிறவர்களுக்கு இது புதிதல்ல. அச்சாரம் வாங்கிய ஆட்டை இன்னொருவருக்குக் காட்டுவதில்லை. ஆடு இன்னும் விற்றவனிடம்தான் நிற்கிறது, புல்லும் அவன்தான் போடுகிறான், ஆனால் அதன்மேல் அவனுக்கு இருந்த சுதந்திரம் போய்விட்டது. அந்த இழப்புக்கு ஒரு விலை உண்டு என்பதைச் சந்தையில் யாரும் விவாதிப்பதில்லை.

தொழிற்சாலையிலும் அப்படித்தான். உதிரி பாகம் வராமல் லைன் நின்று லே-ஆப் விட்டால் என்ன ஆகும் என்று யூனியன்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2025 நவம்பர்வரை அமலில் இருந்த தொழிற்தகராறு சட்டத்தில் 1953இல் சேர்ந்த 25-சி பிரிவின்படி, ஓராண்டு பணி முடித்த தொழிலாளிக்கு அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டும் சேர்ந்ததில் பாதி கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு நிபந்தனை: குறித்த நேரத்தில் கேட்டுக்கு வந்து ஆஜராகியிருக்க வேண்டும். ஒரு திருகாணியைக்கூடத் தொடாத நாளுக்குப் பாதிச் சம்பளம்! தயாராக வந்து நின்றதற்கே சட்டம் போட்ட விலை அது. (பதிலி, தற்காலிகத் தொழிலாளருக்கு இது கிடையாது என்பது தனிச் சோகம்.)

இந்த அளவுகோலை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகலாம். காலை ஐந்திலிருந்து பிற்பகல் மூன்றுவரை பத்து மணி நேரம். நர்சரி மூன்றரை, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதற்குப் பாதி என்றால், மொத்தத்தில் குறைவது ஆறில் ஒரு பங்கு. பேச்சுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வைத்தால் குறைய வேண்டியது 500. கொண்டுபோய் விடுவதும் கூட்டிவருவதும் முன்பு இல்லாத புது வேலை. அதற்குக் கூலி போட்டால் அந்த 500-ம் பெரும்பாலும் கரைந்துவிடும். அடுத்த வாரம் ஷிப்ட் மாறினால் இந்தக் கணக்கும் கவிழும். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் பிள்ளை அக்காவிடம் வருவதே நர்சரி விட்ட பிறகுதான். இரவு பதினொன்றுவரை அங்கேதான் தூங்கும். அந்த வாரத்தில் கழிக்க எதுவுமே இல்லை.

ஆகவே தொகையைக் குறைக்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் முழுத் தொகை கேட்கிற அக்காவுக்கும் ஒரு கடமை வருகிறது. அந்த மூன்றரை மணி நேரத்துக்கு இன்னொரு பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு அதற்கும் காசு வாங்கினால், அச்சாரம் வாங்கிய ஆட்டை இரண்டாவது ஆளுக்கும் விற்ற கதைதான். சாப்பாட்டுச் செலவு வேறு கணக்கு. நர்சரிக்குப் பதில் பிள்ளை பால்வாடிக்குப் போகிறது என்றால் மதிய உணவு அங்கேயே ஆகிவிடுகிறது. அந்த அரிசியும் முட்டையும் அக்காவின் அடுப்பில் வேகவில்லை, அதைக் கழிப்பதில் தப்பில்லை. அதே நேர்மை மே மாதத்திலும் வேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளை நாள் முழுக்க அக்கா வீட்டில். "ஒரு மாசம்தானேக்கா" என்ற ஒரு வார்த்தையில் அந்தக் கூடுதல் நேரம் மறைந்துபோகிறது. ஜூனில் மணிக்கணக்குப் பேசுகிறவர்கள் மேயிலும் பேச வேண்டாமா?

இங்கிலாந்தில் இதே தகராறு எழுத்துமூல ஒப்பந்தமாகவே இருக்கிறது. அங்கே வீட்டில் பிள்ளை பார்ப்பவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும். பொதுவிதிப்படி ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட மூன்று பிள்ளைகளை மட்டுமே ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். பாதி நாள் நர்சரிக்குப் போகும் பிள்ளைக்காக ஓர் இடத்தைப் பிடித்துவைத்தால் மூன்றில் ஒன்று போயிற்று. அதற்காக இடம் பிடித்துவைக்கும் கட்டணம் என்று தனியாகவே வாங்குகிறவர்கள் உண்டு. நம்மூர் அக்காவுக்கு விதியும் இல்லை, உரிமமும் இல்லை, இத்தனை பிள்ளைதான் என்ற வரம்பும் இல்லை. அவளுடைய இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இவ்வளவு பேசியும், இந்தப் பேரத்தில் உட்கார வேண்டிய மூன்றாவது ஆள் வரவேயில்லை. 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது 1976இல் திருத்தப்பட்ட, 1948இன் தொழிற்சாலைச் சட்டம். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம் ஆண், பெண் சேர்த்து 50 பேர் இருந்தாலே போதும் என்றது. அரசின் தேசியக் காப்பகத் திட்டம் அதே ஆண்டில் வகுத்த கட்டணம், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மாதம் 20 ரூபாய். வசதி கூடியவர்களுக்கும் 200தான். பிள்ளை பார்ப்பது பொதுச் செலவு என்று ஏட்டில் ஒப்புக்கொண்டாயிற்று. நடைமுறையில் விடியற்காலை ஐந்து மணிக்கு அந்தச் செலவு இரண்டு பெண்களுக்கு நடுவில் வந்து விழுகிறது, இருவரில் யார் குறைவாக வாங்குவது என்ற பேரமாக.

அந்த 2017 திருத்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது: இடைவேளை உட்பட ஒரு நாளைக்கு நான்கு முறை தாய் காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம். காப்பகம் எட்டாத தாய்க்குக் கிடைப்பது பத்து நிமிட டீ பிரேக். லாக்கரைத் திறந்து, போனை எடுத்து, "சாப்பிட்டானாக்கா? அழாம போனானா?" என்று கேட்க அது போதும். அப்போது மணி பத்து இருக்கும். பிள்ளை நர்சரியில், போனை எடுப்பது அக்கா.