முன்வாசலும் பக்கச் சுவரும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் வாங்கி வந்த ஹமேலியாச் செடி மொட்டைமாடித் தொட்டியில் பூத்துவிட்டது. கொத்துக் கொத்தாய்ச் செம்மஞ்சள் குழாய்கள். காலையில் துணி காயப்போடப் போனால், எனக்கு முன்பே இரண்டு விருந்தாளிகள்.

ஒன்று ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. ஆணுக்கு அரக்கு முதுகு, மஞ்சள் வயிறு. வருஷம் முழுக்க ஒரே சட்டை. இன்னொன்று அதன் உறவுக்காரர், ஊதாத் தேன்சிட்டு. இணை சேரும் காலத்தில் ஆண் உடம்பெல்லாம் கருநீலப் பளபளப்பு. காலம் முடிந்தால் அந்தப் பட்டு கழன்று, மஞ்சள் நெஞ்சின் நடுவே ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். இரண்டுக்கும் பத்து சென்டிமீட்டர்தான் உடம்பு.

அரக்கு முதுகுக்காரர் காம்பில் உட்கார்ந்து பூவின் வாய் வழியே அலகை விட்டார். எடுத்தபோது அலகின் அடியில் மஞ்சள் தூள். அடுத்த பூவுக்கு அதைச் சுமந்துகொண்டு போனார். கருநீலக்காரர் பக்கவாட்டில் தொங்கி, குழாயின் அடியில் ஒரு குத்து. உறிஞ்சினார், பறந்தார். பூவில் ஊசிமுனைக் கிழிசல். மகரந்தம் இருந்த இடத்திலேயே இருந்தது.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மேகக்காடுகளில் இதையே குலத்தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் உண்டு. டிக்ளோசா என்று பெயர். கொக்கிபோல் வளைந்த மேல் அலகு பூவைப் பிடித்துக்கொள்ள, கூரான கீழ் அலகு துளை போடும். ஓசனிச்சிட்டுக்கென்று பூ ஒளித்து வைத்த தேன் அதன் வழியே போய்விடும். நம் ஹமேலியாவும் அமெரிக்கச் செடிதான்.

அதற்காக ஊதாத் தேன்சிட்டைத் திருடன் என்று எழுதிவிட முடியாது. புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த புரச மரம், இலை உதிர்த்துச் செந்தழலாய்ப் பூக்கும்போது, இதே பறவைதான் பூவுக்குப் பூ மகரந்தம் கொண்டுபோகிறது.

அங்கே நல்லவர், இங்கே கள்வரா? அப்படியும் இல்லை. எந்தப் பறவையும் பூவுக்கு உபகாரம் செய்யப் புறப்படுவதில்லை. எல்லாருக்கும் தேன்தான் குறி. வாசல் வழியாகப் போனவரிடம் பூ தன் கூலியைத் தானே வாங்கிக்கொள்கிறது. கொடுத்தது கொடுத்தவருக்கே தெரியாது.

எங்கள் குடியிருப்புக்குப் பின்பக்கம் ஒரு சின்ன கேட் உண்டு. அதன் வழியாகப் போனால் ஸ்டேஷனுக்கு இரண்டு நிமிஷம் மிச்சம். முன்வாசலில் போனால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் கீழ்வீட்டுத் தாத்தா, "என்னம்மா, கிளம்பிட்டியா?" என்பார். "ஆமா தாத்தா" என்பேன். அவ்வளவுதான் பேச்சு. நான் ரயிலைப் பிடிக்கத்தான் போகிறேன். அந்த இரண்டு வார்த்தை அவருடைய பகல் பொழுதில் எவ்வளவு தூரம் போகிறது என்று எனக்குத் தெரியாது.

குறுக்குவழியில் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். நம்மிடமிருந்து பிறருக்குப் போகவேண்டியதுதான் நின்றுபோகும்.

இன்று முன்வாசல் வழியாகவே போவோம்.