உடல் நடுங்குவது நம்பிக்கைக் குறைவா?

மலர்க்குழுவினர் ஆண்டுதோறும் என்னிடம் கேட்பது ஆலய வரவு செலவுக் கணக்கைத்தான். முப்பது வருடங்களுக்கு மேல் எழுதுவினைஞராகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவனிடம் வேறென்ன கேட்பார்கள்! இம்முறை கணக்கைப் பொருளாளர் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, நீண்ட நாட்களாக என் மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு விடயத்தை எழுத அனுமதி பெற்றேன். அடியார்கள் பொறுமையுடன் வாசிப்பார்களாக.

சில வருடங்களுக்கு முன் எமது மகோற்சவத்தில் சுவாமி வெளிவீதி எழுந்தருளிய வேளை சீனவெடி கொளுத்தப்பட்டது. வடக்கு வீதியில் நின்ற ஓர் அம்மா அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். கைகால் நடுக்கம், உடம்பெல்லாம் வியர்வை, மூச்சு இழுக்கிறது, கண்கள் எங்கோ நிலைகுத்தி நிற்கின்றன. "உரு வந்திட்டுது" என்று ஒருவர் வேப்பிலை தேடினார். அறங்காவலர் என்ற தோரணையில் நான் முன்னே சென்று, "சுவாமி பக்கத்தில நிற்கிறார், இஞ்ச நின்று பயப்பிடலாமோ அம்மா? நம்பிக்கை வேணும்" என்றேன். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் சுவாமிக்குப் பின்னால் போய்விட்டேன்.

அந்த அம்மா 2006 ஆம் ஆண்டு மூதூர்ப் பக்கத்திலிருந்து எறிகணைகளுக்கு நடுவே பிள்ளைகளுடன் ஓடிவந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். அடுத்த வருடத் திருவிழாவுக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை.

இனி என் கதை. ஓர் ஆடி அமாவாசையன்று தகப்பனாருக்கு எள்ளும் நீரும் இறைக்கக் கடலில் முழங்காலளவு நீரில் நின்றேன். அலை வழமையைவிடச் சற்று அதிகமாக உள்வாங்கியது. அவ்வளவுதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பூரணை தினம்; அன்று காலை மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில் நடந்ததை இம்மாவட்டத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் தங்கையின் கணவர் அன்று கடற்கரையிலிருந்து திரும்பி வரவில்லை. உள்வாங்கிய அந்த ஓர் அலையைக் கண்டதும் என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. தர்ப்பையும் கையுமாகக் கரைக்கு ஓடினேன். குருக்கள் ஐயா மந்திரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிக்கை பற்றி எனக்கு ஒருவரும் உபதேசிக்கவில்லை. அறங்காவலருக்கு யார் சொல்வது?

அங்கு நின்ற ஒரு பிள்ளை, வைத்தியசாலை மனநலப் பிரிவில் வேலை செய்பவர், என் பக்கத்தில் வந்து இருந்தார். "ஐயா, கண்ணை மூட வேண்டாம். ரெண்டு காலும் மணலில படுதா? நல்லா அழுத்திப் பாருங்கோ" என்றார். பின் கண்ணுக்குத் தெரியும் ஐந்து பொருட்களைச் சொல்லச் சொன்னார். தோணி, வலை, காகம், ஐயாவின் செம்பு, என் வேட்டி. தொட்டு உணரக்கூடியவை நான்கு. கேட்கும் ஒலிகள் மூன்று. மணம் இரண்டு. வாயில் சுவை ஒன்று: உப்பு. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகப் போக, நான் 2004 இல் இல்லை, இன்றைய நாளில் இருக்கிறேன் என்பது உடம்புக்கே தெரியத் தொடங்கியது. மனதுக்கு அது முதலே தெரியும். தெரியாதிருந்தது உடம்புக்குத்தான்.

ஆபத்தைக் கண்ட உடல் எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ தன்னை ஆயத்தப்படுத்துகிறது என்பதை அமெரிக்க உடற்றொழிலியலாளர் வோல்டர் கனன் 1915 இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பரிவு நரம்புகள் விழித்தெழ, அதிரினலின் சுரந்து, இதயம் விரைகிறது, குருதி தசைகளுக்குப் பாய்கிறது, வாய் உலர்கிறது. யோசிக்கும் மூளை விடயத்தை ஆராய்ந்து முடிக்குமுன் இது நடந்துவிடுகிறது. கச்சேரி வழக்கில் சொன்னால், 'அவசரம்' என்று சிவப்பு மையில் எழுதிய கோவை பதிவறைக்குப் போகாமல் நேரே பெரியவரின் மேசைக்குப் போவதைப் போன்றது. அதன் உள்ளே இருப்பது பழைய கடிதம் என்பது பிறகுதான் தெரியவரும். இதில் பக்திக்கு எங்கே இடம்? சீனவெடியும் எறிகணையும் காதுக்கு ஒன்றுபோலவே வந்தால், அந்த அம்மாவின் உடல் பிள்ளைகளைக் காப்பாற்றிய அதே வேலையைத்தான் மீண்டும் செய்தது.

பகவத்கீதையின் முதல் அத்தியாயத்தை இந்தக் கண்ணோடு வாசித்தால் வியப்பாக இருக்கும். அர்ச்சுனனுக்கு உடல் நடுங்குகிறது, வாய் உலர்கிறது, மயிர் கூச்செறிகிறது, தோல் எரிகிறது, காண்டீபம் கையிலிருந்து நழுவுகிறது, நிற்க முடியவில்லை. நம்பிக்கையற்றவனுக்கா இவை வந்தன? பகவானையே தேர்ப்பாகனாகப் பெற்றவனுக்கு வந்தன. கண்ணன் முதலில் கடிந்துகொண்டது உண்மைதான். ஆனால் கடிந்ததோடு விட்டுவிட்டுப் போகவில்லை. பதினெட்டாவது அத்தியாயம் வரை பக்கத்திலேயே இருந்தார். நானோ ஒரு வசனத்தோடு கடமையை முடித்துக்கொண்டவன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் அவர்கள், போர் எம்மவர் மனங்களில் ஏற்படுத்திய வடுக்களை 1998 இல் வெளிவந்த ஆங்கில நூலில் விரிவாகப் பதிவு செய்தவர். பிராணாயாமம், மந்திர செபம் போன்ற, மக்களுக்குப் பழகிய முறைகளைச் சிகிச்சையோடு சேர்த்தவர். இந்துவுக்குப் பிரணவம் என்றால் ஏனைய சமயத்தார்க்கு அவரவர் செபமும் தியானமும். 2001 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த இத்தாலியரின் ஆய்வொன்றும் இதற்கு அனுசரணையானது. 23 பேரைச் செபமாலையும் பௌத்த மந்திரமும் சொல்லவைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு முறையாகக் குறைந்ததாம். மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை அமைதிப்படுத்துகிறது. திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் உள்ளிழுக்க 16, நிறுத்த 64, வெளிவிட 32 என மாத்திரைக் கணக்குச் சொல்கிறார். இழுப்பதைப்போல் இரு மடங்கு விடுவது! ஆயினும் எல்லாவற்றையும் நம் முன்னோர் அன்றே கண்டுவிட்டனர் என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. திருமூலர் சொன்னது யோகிக்கு. பதறி நிற்பவரை 64 மாத்திரை மூச்சடக்கச் சொன்னால் பதற்றம்தான் கூடும். அவருக்கு வெளிமூச்சு நீண்டால் போதும்.

பரிபாலன சபையில் ஒரு மூத்தவர் என்னிடம் கேட்டார்: "அப்ப சுவாமியின்ர நாமத்தை மாத்திரை மாதிரிப் பாவிக்கலாமெண்டு சொல்லுறியோ?" நியாயமான கேள்வி. பல நாட்கள் யோசித்தேன். எமது அன்னதானப் பந்தியில் பசிக்கு வந்தவரா, பக்திக்கு வந்தவரா என்று இன்றுவரை ஒருவரிடமும் கேட்டதில்லை. இலை போட்டுச் சோறு வைக்கிறோம். பசிக்கு அப்படி என்றால் பயத்துக்கு மட்டும் ஏன் தகுதி பார்க்க வேண்டும்? நெற்றியில் படும் திருநீற்றின் குளிர்ச்சி, கர்ப்பூர வாசனை, மணியோசை, நாவில் தீர்த்தம், வெறுங்காலின் கீழ் வீதி மணல். ஐம்பொறிகளுக்கும் இடமளிக்கும் இடம் கோயில். அதில் பிடித்துக்கொள்ள ஒன்று கிடைத்தவர் பிடித்துக்கொள்ளட்டும். மூத்தவர் முழுமையாக ஒப்பவில்லை. பரவாயில்லை.

சில எச்சரிக்கைகளும் எழுத வேண்டும். உண்மையான ஆபத்து வரும்போது ஓடத்தான் வேண்டும். கடல் வரும் நாளில் ஐந்து பொருட்களை எண்ணிக்கொண்டு நிற்கலாகாது. நெஞ்சு நோவு என்றால் முதலில் வைத்தியசாலை. பதற்றம் திரும்பத் திரும்ப வந்து நித்திரையைக் கெடுத்தால் மனநலப் பிரிவுக்குப் போவதில் வெட்கம் வேண்டாம். கொட்டியாரக் குடாவில் கப்பல் போடும் நங்கூரம் கப்பலை இழுபடாமல் வைத்திருக்கும், காற்றை நிறுத்தாது.

சென்ற வருடம் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேத்தண்ணி தந்தார். "நீங்க சொன்னதைத்தான் நானும் எனக்குச் சொல்லிக் கொண்டிருந்தன் ஐயா, எனக்கு நம்பிக்கை இல்லையாக்கும் எண்டு" என்றார். என்னால் அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்க முடியவில்லை.

வெடியை அடியோடு நிறுத்த சபை சம்மதிக்கவில்லை, இளைஞர்கள் விடமாட்டார்கள். தெற்கு வீதியில் மட்டும், ஒலிபெருக்கியில் முன்கூட்டி அறிவித்த பின் கொளுத்துவதென்று தீர்மானமானது. இவ்வருடம் தேருக்கு அவர் வந்தார். அறிவித்தல் வந்ததும் உள்ளே போய் வசந்த மண்டபத் தூணில் உள்ளங்கைகளை வைத்தபடி நின்றார். வெடித்தபோது தோள்கள் நடுங்கின. ஆனால் குந்தவில்லை. நான் பக்கத்தில் நின்றேன், ஒன்றும் பேசவில்லை.

ஆடி அமாவாசைக்கு நானும் தவறாமல் போகிறேன். கணுக்காலுக்கு மேல் இன்னும் இறங்கவில்லை.