இடமும் எழுத்தும்

பிரதிக்கு வெளியே விமர்சகனுக்குச் சாட்சி எதுவும் இல்லை என்று பி.ஏ. ஆங்கிலம் படித்த நாளிலிருந்து நம்பி வந்தவன் நான். எழுத்து சொல்வதே அர்த்தம், மற்றதெல்லாம் வம்பு. இந்த நம்பிக்கையை அசைத்தது இலக்கியம் அல்ல, சென்ட்ரோமியர் என்கிற உயிரியல் விஷயம்.

செல் பிரியும்போது, இரட்டித்த குரோமோசோமின் இரு நகல்களையும் எதிரெதிர்த் திசைகளில் கொண்டுபோகும் இழைகள் பற்றிக்கொள்ளும் இடம் அது. மனிதக் குரோமோசோமுக்கு ஒன்றுதான் வேண்டும். இரண்டானால் அறுபடலாம், இல்லையென்றால் தொலையும். அங்கே 171 எழுத்துக்கள் கொண்ட ஒரு டி.என்.ஏ. வாசகம் சலிக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது. அந்த வாசகமே மையத்தை நியமிக்கிறது என்று எண்ணத் தோன்றும். அப்படியில்லை. இரண்டு சென்ட்ரோமியர்கள் சேர்ந்துவிட்ட குரோமோசோமில் ஒன்று அடங்கிப்போவதுண்டு. அதன் எழுத்துக்கள் அப்படியே இருக்கும். 1993இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதற்கு நேர்மாறானதைக் கண்டார்கள்: அந்த வாசகம் காணப்படாத ஓரிடத்தில் சென்ட்ரோமியர் உருவாகி இயங்கியது. (ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் சுமார் 125 எழுத்துக்களே போதும். என் பழைய கட்சியில் ஈஸ்டாவது மிஞ்சியது.)

எழுத்தல்ல என்றால் எது? டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒன்றுக்குப் பதிலாக அங்கே அமர்ந்திருக்கும் சென்ப்-ஏ. 1985இல் இதை அடையாளம் காட்டியது தோல் இறுகும் வியாதிக்காரர்களின் ரத்தம். தம் செல்லின் மையத்தையே அந்நியமென்று கருதும் எதிர்ப்புப் பொருள் அதில் இருந்தது. புதிய சென்ப்-ஏ வந்து சேர்வது பழையது இருக்கும் இடத்தில்தான். நேற்று மையமாக இருந்ததால் இன்றும் மையம்.

இந்த வாக்கியம் என்னைத் தொந்தரவு செய்கிறது. வங்கியில் ஒரு பென்ஷன்காரரின் நடுங்கிய கையெழுத்து மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. போன மாதம் பார்த்தவர் என்பதற்காக ஏற்றுக்கொண்டேன். அதில் ஏதோ மனிதத்தனம் இருப்பதாகவும் நினைத்துக்கொண்டேன். அதே நாளில், காகிதமெல்லாம் சரியாக இருந்தும், முன்பின் தெரியாத ஒரு கிராமத்துப் பெண்ணை அரைமணி நேரம் நிற்க வைத்தேன். இரண்டும் ஒரே காரியம். உட்கார்ந்தவனுக்கே மீண்டும் நாற்காலி என்பது எல்லா மேலாதிக்கங்களின் தர்க்கமும்கூட.

ஆனால் செல் செய்வதை வெறும் பரம்பரைப் பாத்தியதை என்று தள்ளவும் முடியவில்லை. டி.என்.ஏ. இரட்டிக்கும்போது சென்ப்-ஏ இரட்டிப்பதில்லை. இருப்பதே இரு நகல்களுக்கும் பாதி பாதியாகப் பங்காகிறது. மனித செல்லில் குறை நிரம்புவது பிரிவினை முடிகிற தறுவாயிலும் அதற்குப் பிறகும்தான். அதாவது மையம் மிகவும் வேண்டியிருக்கிற வேளையில், அது பாதிச் சரக்கோடு இழுவையைத் தாங்குகிறது. ஒருமுறை நிரப்பத் தவறினால் பாதி, மறுமுறை கால். மரபைக் கைக்கு வந்த சொத்து என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம். 1993இல் கண்ட அந்தப் புது மையமோ, பூர்வீகம் எதுவும் இல்லாத இடத்தில் தோன்றியும், செல் பிரியப் பிரிய நிலைத்து நின்றது.

அந்தப் பெண் அடுத்த மாதமும் வந்தார். முகம் தெரிந்ததால் உடனே பணம் கொடுத்து அனுப்பிவிட்டேன். படிவத்தைச் சரியாகப் பார்த்தேனா என்று நினைவில்லை.