எல்லோருக்கும் வேண்டியவர்

சின்ன நாடு, பெரிய பணம். கத்தார் என்றால் நண்பர்கள் இதோடு முடித்துவிடுவார்கள். பணம் காப்பாற்றும் என்றால் 1990 ஆகஸ்டில் குவைத் விழுந்திருக்காது. சதாமின் படைக்கு இரண்டு நாள் போதுமாக இருந்தது.

அந்தப் பயம்தான் கத்தாரின் அயலுறவுக்கு வேர் என்று நினைக்கிறேன்: எல்லோருக்கும் தேவைப்படு. கடலடி எரிவாயு வயலில் ஈரான் பங்காளி. அல் உதெய்தில் அமெரிக்க விமானத்தளம். தோஹாவில் ஹமாஸுக்கும் தாலிபானுக்கும் அலுவலகம்.

சுயநலத்துக்காகச் செய்யும் நல்லது நல்லதுதானா? 2023 நவம்பரில் கத்தாரின் தூதால் காஸாவில் சில நாள் சண்டை நின்றது. பிணைக்கைதிகள் பலர் வீடு திரும்பினார்கள். பிழைத்தவர்கள் தூது போனவரின் மனசை ஆராய மாட்டாங்க. நானும் ஆராயவில்லை.

என் உறுத்தல் வேறு. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் கையெழுத்திட்டபோது ஆப்கான் அரசே அந்த மேசையில் இல்லை. பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண்பிள்ளைகளுக்காக யார் இருந்திருப்பார்கள்? அடுத்த ஆண்டு காபூல் விழுந்தது. அவர்களுக்கு உயர்நிலைப் பள்ளி மூடப்பட்டது.

யாரை அழைப்பது என்று முடிவு செய்தது கத்தார் அல்ல, சரி. ஆனால் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்: "அவங்க எங்கே?" கேட்டால் யாரோ ஒருவருக்கு வேண்டாதவர் ஆகிவிடுவார். எல்லோருக்கும் வேண்டியவராக இருப்பதன் விலை அந்த மௌனம். அதைக் கொடுப்பவர் மட்டும் வேறு யாரோ.

2025 செப்டம்பரில் இஸ்ரேல் தோஹாவிலேயே குண்டு போட்டது. மௌனமும் காப்பாற்றவில்லை. அப்படியென்றால், அன்றைக்குக் கேட்டே இருக்கலாமே?