தனுஷ்கோடி நிலையமும் தீராத கடனும்

புகையிரத நிலையமொன்று அழிந்தால், அதன் வழியாக மனிதரை வரவழைத்த சமுதாயத்தின் பொறுப்பும் அழிந்துவிடுமா? தனுஷ்கோடியை நினைக்குந்தோறும் இவ்வினா நம்முன் எழுகின்றது.

பாம்பன் பாலம் திறக்கப்பட்ட 1914ஆம் ஆண்டிலேயே தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் சேவையும் தொடங்கிற்று. மணல்முனையிலிருந்த சிற்றூர் இரு நாடுகளின் வாயிலாயிற்று. வணிகரும் யாத்திரிகரும் மட்டுமா அவ்வழியே வந்தனர்? கங்காணிமார் திரட்டிவர, மண்டபம் முகாமில் மருத்துவச் சோதனைக்கு நின்ற ஏழைத் தொழிலாளரும் வந்தனர். அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மலைநாட்டுக்கு நடந்தவர்கள். பலர் வழியிலேயே மாண்டார்கள். பின்வந்தோரைப் புகைவண்டி சுமந்தது. வழி மாறிற்று, அழைத்தவரின் நோக்கம் மாறவில்லை.

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அரசறியப் பகிரங்கமாக வந்தவரின் பிள்ளைகளைக் 'கள்ளத்தோணி' என இகழவும் சிலர் நாக்கூசவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. பங்கிடுமுன் அம்மக்களின் சம்மதம் கேட்கப்படவில்லை.

இரு மாதங்கள் கழியுமுன், டிசெம்பர் 22 இரவு பெரும்புயல் தனுஷ்கோடியைத் தாக்கிற்று. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியை அலைகள் விழுங்கின. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். நிலையம் இடிந்தது, மீளக் கட்டப்படவில்லை. கப்பல்கள் இராமேஸ்வரத்துக்குத் திரும்பின. ஒப்பந்தத்தின்படி அனுப்பப்பட்டோர் தலைமன்னாரில் அக்கப்பல்களில் ஏறினர். பிறந்த மண்ணைப் பிரிந்து, பெற்றோர் சொல்லக் கேட்ட மண்ணுக்குச் சென்றோர் அவருட் பலர். 1984இல் அக்கப்பற் சேவையும் நின்றது.

வந்த வழியே திரும்புவதில் அநீதி யாது என்பார் உளர். தேயிலைச் செடியின் வேரில் உரமாகிய வாழ்நாட்களையும் அவர்கள் திரும்ப எடுத்துச் செல்லக் கூடுமா? உழைப்பை ஏற்ற மண், உழைத்தவனை அந்நியனென்று தள்ளுதல் அறமாகாது.

கடலுக்கு அறமில்லை, ஆகவே, நிலையத்தை அழித்த பழியை அதன்மேற் சுமத்துவதிற் பொருளில்லை. சட்டமும் ஒப்பந்தமும் எழுதிய கைகளோ மனிதக் கைகள். நாடற்றோராய் எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் பிரஜாவுரிமை வழங்கிற்று. எனினும், லயன் அறைகளில் வாழ்வோர் பலருக்கு இன்றும் ஒரு துண்டு நிலம் சொந்தமில்லை.

இடிந்த நிலையத்தின் சுவர்களைக் காண இன்று சுற்றுலாப் பயணிகள் செல்கின்றனர். அச்சுவர்களைக் கண்டு இரங்குதல் எளிது. அவ்வழியே வந்தோரின் பேரப்பிள்ளைகளுக்கு நிலமும் வீடும் உரிமையாகும்வரை நம் கடன் தீராது.