திரும்பி எங்கே ஏறுவது?

ஐப்பசி பிறந்துவிட்டால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உட்காருகிறவர்கள் கடலுக்கு முதுகைக் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள். வாடைக்காற்று அப்படி. கருங்கல்லில் மோதித் தெறிக்கிற உப்புத் தூறல் மூக்குக்கண்ணாடியில் படியும். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருப்பதாகச் செய்தி வரும். கடலுக்குப் போக வேண்டாம் என்று மீன்வளத் துறை சொல்லும். இப்படியொரு நாளில் யாராவது ஒரு பிளாஸ்டிக் கயாக்கைத் தண்ணீரில் இறக்கினால், வேடிக்கை பார்ப்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். "அவன் உசுரு, அவன் இஷ்டம். உனக்கென்ன?" என்பது ஒன்று. "கொழுப்பு. இவன இழுத்துட்டு வர நாலு பேரு போவணும்" என்பது இன்னொன்று.

நம் வயதுக்காரர்களில் பலருக்கு முதல் கட்சிதான் பிடிக்கும். இரண்டாவதைப் பெரியவர்களின் புலம்பல் என்று தள்ளிவிடுவோம். ஆனால் அந்த "நாலு பேரு" யார், அவர்கள் ஏன் போக வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

முதலில் படகைப் பற்றிக் கொஞ்சம். கயாக் ஒரு விளையாட்டுச் சாமான் போலத் தெரிகிறது. ஆர்க்டிக் கடலோர இனுயிட் மக்களுக்கு அது வேட்டைப் படகு. கரையொதுங்கிய மரத்தாலும் எலும்பாலும் செய்த சட்டத்தின்மேல் சீல் தோலை இழுத்துத் தைத்து, ஒரே ஒரு ஆள் இடுப்புவரை உள்ளே புகுந்து உட்காருகிற படகு. கவிழ்ந்தால் வெளியே வராமல் துடுப்பாலேயே உடம்போடு சுழன்று நிமிர வேண்டும். அந்தத் தண்ணீரில் சில நிமிடங்கள் கிடந்தாலே கை கால் மரத்துவிடும் என்பதால் அதைக் கற்றுக்கொள்வது உயிர்ப் பிரச்சினை. நம்ம கட்டுமரமும் அதே சாதிதான். மரத்துண்டுகளைக் கயிற்றால் கட்டி, கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் காயவைப்பார்கள். மரங்களின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஏறும், அதே வழியாக இறங்கும். முழுகாது. கவிழ்ந்தால் பிடித்து ஏறிக்கொள்ளலாம். இன்று கடைகளில் விற்கிற, மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்குமே, அந்த யோசனை நம் கரையில் எப்போதோ இருந்தது. வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேய மாலுமி 1697-ல் வெளியிட்ட பயண நூலில் கட்டுமரத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அந்தப் பெயர் ஐரோப்பாவுக்குப் போய் இன்று கோடிக்கணக்கில் விலைபோகும் இரட்டை உடல் உல்லாசப் படகைக் குறிக்கிறது. குளிரில் சாகாமல் பிழைக்கக் கண்டுபிடித்ததும், அலையைத் தாண்டி மீன் பிடிக்கக் கண்டுபிடித்ததும் இரண்டுமே பணமுள்ளவர்களின் ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்ச் சேர்ந்தன. இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் படகோடு சேர்ந்து எது வந்தது, எது வரவில்லை என்பது பின்னால் முக்கியமாகும்.

அடுத்து, கரை. குளிர்காலத்தில் பாறைக் கடற்கரையை ஒட்டித் துடுப்புப் போடுவது என்றால் ஸ்காட்லாந்தோ நார்வேயோதான் நினைவுக்கு வரும். புதுச்சேரியின் பாறை நாமே கொட்டியது. 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். வாடை அடிக்கிற சில மாதங்களில் மட்டும் அது திரும்பும். சுவர் அந்த மணலை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே ஊர் கரைந்தது. கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கு வடக்கே அரிப்பு நகர்ந்தது, அங்கேயும் கல். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர் என்று போய், எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்கும் அந்த நோய் பரவியது. 2018-ல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே ஓர் இரும்புத் திட்டை இறக்கிய பிறகு நகரத்தின் முன்னால் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. செல்ஃபி எடுக்க இடம் கிடைத்தது. குப்பங்களின் கணக்கு வேறு.

கல் சுவரில் மோதுகிற அலை, மணலில் ஏறிச் சாகிற அலை மாதிரி அடங்காது. திரும்பி வரும். வருகிற அலையும் திரும்புகிற அலையும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் எந்த ஒழுங்குமில்லாமல் கூம்பு கூம்பாக எழும்பும். வைத்திக்குப்பத்தில் ஒரு பெரியவரிடம், "ஐயா, இந்தக் காத்துல சின்னப் படகு போவலாமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"போவலாம் தம்பி, ஏன் போவக்கூடாது? திரும்பி எங்க ஏறுவ?"

எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அவரே தொடர்ந்தார். "முன்னெல்லாம் மரம் கவுந்தாக்கூட அலையே கொண்டாந்து மணல்ல போட்டுரும். இப்ப கல்லுல தூக்கி அடிக்கும்."

இப்போது அந்த முதல் கட்சிக்கு வருவோம். அதன் மிக நல்ல வக்கீல் ஜான் ஸ்டூவர்ட் மில். லண்டனில் உட்கார்ந்து முப்பத்தைந்து வருடம் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனி அவரிடமிருந்து போன மறு வருடம், 1859-ல், சுதந்திரம் பற்றிய தன் நூலை வெளியிட்டார். அதில் ஒரு பாலம் வரும். இடிந்து விழப்போகிற பாலம் என்று தெரியாமல் ஒருவன் ஏறப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை என்றால் பிடித்து இழுக்கலாம், அவன் ஆற்றில் விழ விரும்பவில்லையே. ஆனால் விழுவது நிச்சயமில்லை, வெறும் ஆபத்துதான் என்றால் சொல்லிப் பார்க்கலாம், அதற்கு மேல் முடிவு அவனுடையது. எனக்கு இந்த வாதம் இன்னும் பிடிக்கும். பெண் பிள்ளைகளைக் கடலுக்குள் விடாதே, இருட்டினால் வெளியே விடாதே என்று ஆபத்தின் பெயரால் வீட்டில் பூட்டிவைக்கிற ஊரில் மில் தேவைப்படுகிறார்.

ஆனால் மில்லின் பாலத்துக்கு அடியில் யாரும் காத்திருப்பதில்லை. கடலில் விழுந்தால் யாராவது இறங்குவார்கள். கடல்சார் சட்டத்துக்கான ஐ.நா. உடன்படிக்கை, 1982-ல் எழுதப்பட்டது, கடலில் உயிருக்குத் தவிப்பவருக்கு உதவ வேண்டிய கடமையைக் கப்பல் தலைவர்கள்மேல் வைக்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: தன் கப்பலுக்கும் ஆட்களுக்கும் பெரும் ஆபத்து இல்லாத அளவுக்கு உதவினால் போதும். நியாயமான விலக்குதான். குப்பத்தில் அது செல்லுபடியாவதை நான் பார்த்ததில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி, கேரளக் கரைகளின் மீனவர்களை அள்ளிக்கொண்டு போனபோது, தேட மீனவர்களே படகெடுத்துக்கொண்டு போனார்கள். 2018 கேரள வெள்ளத்தில் படகுகளை லாரியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுபோனார்கள். படகுக்கு நாளுக்கு 3,000 ரூபாய் தருவதாக அரசு அறிவித்தபோது, காசு வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள். தண்ணீரில் கிடக்கிறவன் எதற்குப் போனான் என்று அந்த நேரத்தில் யாரும் விசாரிப்பதில்லை. அதனால்தான் "என் உசுரு, என் இஷ்டம்" என்கிற வாக்கியம் கரையில் நின்று சொல்லும்போது உண்மையாகவும், அலைக்குள் போனதும் பொய்யாகவும் ஆகிவிடுகிறது. என் முடிவில் இன்னொருவன் உயிரும் பந்தயம், அவனை நான் கேட்கவேயில்லை.

சரி, அப்படியானால் மீனவர் மட்டும் எச்சரிக்கையை மீறிப் போகலாமா? போகிறார்கள்தானே? அவர்களைத் தேடவும் ஆட்கள் போகிறார்களே? இந்தக் கேள்விக்கு உடனே வருகிற பதில், அது வயிற்றுப் பிழைப்பு, இது விளையாட்டு என்பது. எனக்கு அது போதவில்லை. பிழைப்பு, விளையாட்டு என்று கடல் இரண்டு கோடு போட்டுப் பிரித்து வைத்திருக்கவில்லை. கினோ வாட்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் இளைஞர் கிரீன்லாந்துக்காரர்களிடம் கயாக் ஓட்டவும் கவிழ்ந்து நிமிரவும் கற்றார். 1932 ஆகஸ்டில், இருபத்தைந்து வயதில், தன் பயணக்குழுவுக்கு உணவாக சீல் வேட்டையாடத் தனியாகப் போனார். கயாக் கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. அவர் செத்தது பிழைப்பிலா, விளையாட்டிலா? இந்தப் பக்கம், கட்டுமரத்தில் போகிற பையன்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடமைக்காகப் போகிறார்கள் என்று நினைப்பது நம்முடைய மேட்டிமை. அலை தாண்டும்போது அவர்கள் கத்துகிற கத்தலைக் கேட்டவர்களுக்குத் தெரியும்.

பிழைப்பு என்பதால் போவது நியாயமாகிறது என்றால், அதில் ஒரு கொடுமையும் ஒளிந்திருக்கிறது. ஏழையின் ஆபத்துக்கு மட்டும் நாம் அனுமதி கொடுத்துவிடுகிறோம். அவன் போய்த்தான் ஆக வேண்டும் என்று ஒத்துக்கொண்டு, ஏன் போக வேண்டியிருக்கிறது என்று கேட்பதை நிறுத்திவிடுகிறோம். கூண்டு எல்லோருக்கும் ஒன்றுதான். அது ஏறினால் கயாக்காரருக்கு ஒரு ஞாயிறு போகும், குப்பத்துக்காரருக்கு அன்றைய கஞ்சி போகும். மழைக்கால நிவாரணம் என்று ஒன்று தருகிறார்கள், ஆனால் புயல் அதற்காகக் காத்திருக்காது. 2011 டிசம்பர் 30 தானே, 2020-ல் நிவர், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். ஒவ்வொன்றுக்கும் முன்னால் எத்தனை நாள் கரையில் உட்கார வேண்டியிருந்தது என்பதைக் குப்பத்தில் கேட்டால் சொல்வார்கள்.

எனக்கு வித்தியாசம் வேறு இடத்தில் தெரிகிறது. மீனவர் எடுக்கிற ஆபத்து ஒரு கொடுக்கல் வாங்கலுக்குள் இருக்கிறது. இன்று இவன் மாட்டினால் அவன் வருவான், நாளைக்கு அவன் மாட்டினால் இவன் போவான். யார் எந்தப் பக்கம் போயிருக்கிறார்கள், யார் இன்னும் வரவில்லை என்று கரைக்குத் தெரியும். பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ காரின் தலையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு வருகிறவர் இந்தக் கணக்கில் இல்லை. அவரை எடுக்க ஆள் வரும், அவர் யாரையும் எடுக்கப் போவதில்லை. நான் முன்னால் சொன்னேனே, படகோடு எது வரவில்லை என்று, அது இதுதான். தோலும் மரமும் பிளாஸ்டிக் ஆனதில் தப்பில்லை. கயாக்கோடும் கட்டுமரத்தோடும் ஒட்டியிருந்த கூட்டம் கழன்றுவிட்டது.

அதைக் காசால் கட்டிவிடலாமா? எச்சரிக்கையை மீறிப் போனவரிடம் மீட்புச் செலவை வசூலிக்கலாம் என்று ஒரு யோசனை அடிக்கடி காதில் விழும். எனக்கு ஒப்பவில்லை. பில் வரும் என்று தெரிந்தால் ஆள் கடைசி நிமிடம்வரை கூப்பிட மாட்டான். கூப்பிடும்போது இருட்டியிருக்கும், மீட்கப் போகிறவருக்குத்தான் ஆபத்து கூடும். அதைவிட, கட்டணம் வாங்கினால் கடன் தீர்ந்தது என்று ஆகிவிடும். பழைய மதராஸில் ஆபத்தில் இருந்தவர்களைக் காப்பாற்றிய கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். பதக்கமும் ஒருவகைக் கட்டணம்தான். கொடுத்த கை அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

தர வேண்டியது இன்னும் சிறியது, ஆனால் கஷ்டமானது. இறங்கும் முன் கரையில் ஒருவரிடமாவது எங்கே போகிறேன், எப்போது திரும்புவேன் என்று சொல்ல வேண்டும். அவர் வேண்டாம் என்றால் கேட்டுக்கொள்ள வேண்டும். இது ஈகோவுக்கு எவ்வளவு கசக்கும் என்பது துடுப்புப் பிடித்தவர்களுக்குத் தெரியும். முந்நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்து, கயாக்கை இறக்கி, ஒரு பெரியவர் தலையாட்டினார் என்பதற்காகத் திரும்ப ஏற்றிக்கட்டுவது!

அரிஸ்டாட்டில் வீரம் பற்றிப் பேசும்போது மாலுமிகளை ஓரமாக ஒதுக்கிவிடுவார். புயலில் அவர்கள் பதறாமல் இருப்பது அனுபவம் தருகிற நம்பிக்கையால், அது அசல் வீரமில்லை என்பது அவர் கணக்கு. போர்க்களத்தை மனதில் வைத்து வீரத்தை அளந்தவர் அப்படித்தான் சொல்வார். வள்ளுவர் வேறு வழி. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதைப் பற்றி அவர் பேசும் இடம் படை பற்றிய அதிகாரத்தில் இல்லை, அறிவுடைமை அதிகாரத்தில் இருக்கிறது. 1761 புத்தாண்டு நாளில், புதுச்சேரியை முற்றுகையிட்டுக் கடலில் நின்ற பிரிட்டிஷ் கப்பல்களைப் புயல் அடித்தது. சில மூழ்கின, சில கரையில் மோதி உடைந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். வீரத்தில் குறைந்தவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் அந்தக் கடலில் நின்றாக வேண்டிய வேலையில் இருந்தார்கள். வாடைக் காலத்தில் எப்போது கடலில் இருக்கக் கூடாது என்று கரையில் இருந்தவர்களிடம் ஒரு அறிவு இருந்தது, அதைக் கேட்கிற இடத்தில் அவர்கள் இல்லை.

அதே அறிவு இப்போதும் குப்பத்தில் இருக்கிறது. கேட்க ஆளிருந்தால் சொல்வார்கள். ஆனால் அதுவும் முழுசாக உதவாத ஒரு நிலைமையை நாம் உண்டாக்கி வைத்திருக்கிறோம். வானத்தையும் நீரோட்டத்தையும் பார்த்துப் போகலாமா வேண்டாமா என்று சொல்லத் தெரிந்தவரிடமிருந்து ஏறுகிற இடத்தைப் பிடுங்கிக்கொண்டோம். குருசுக்குப்பத்துக்காரர் படகை மணலில் இழுத்துப் போட முடியாததால் துறைமுகத்துக்குள் போக வேண்டியிருக்கிறது. அந்த முகத்துவாரமோ மண் மேவி, அலை உடைகிற இடமாகிவிடுகிறது. தூர்வாரச் சொல்லி மீனவர்கள் மனு கொடுக்கிறார்கள், தூர்வாருகிறார்கள், மறுபடி மேவுகிறது. ஒதுங்கக் கட்டிய துறைமுகத்தின் வாசலிலேயே படகு கவிழ்கிறது. அங்கே கவிழ்கிறவரைத் தூக்கப் போகிறவர்களும் அடுத்த படகில் வருகிற அதே ஆட்கள்தான்.