மிகுந்த இறைச்சி யாருக்கு?



சிறுசேரியில் ஜும்ஆ முடிந்து நாம் வெளியே வரும்போது ஓர் இளைஞர் நம்மை நிறுத்தி, ஒரு மஸ்அலா கேட்டார். "ஹஜ்ரத், அமெரிக்காவில் மான்கள் அளவுக்கு மீறிப் பெருகினால் வேட்டையாடி, இறைச்சியை ஏழைகளுக்குக் கொடுக்கிறார்களாம். மான் ஹலால்தானே? வண்டலூர் காட்டுப் பக்கம் மான்கள் இருக்கின்றனவே, நாமும் அப்படிச் செய்தால் நன்மை கிடைக்காதா?"

கேள்வி நல்ல உள்ளத்திலிருந்து வந்தது. ஆகவே விளக்கமாகவே பதில் சொல்வோம்.

மான் ஹலாலான பிராணி என்பதில் ஐயமில்லை. வேட்டையும் ஆகுமானதே. இஹ்ராமில் இருப்பவர் மட்டும் தரைப் பிராணிகளை வேட்டையாடக் கூடாது என்று திருமறையின் மாயிதா அத்தியாயம் தடுக்கிறது. ஆனால் பிஸ்மில்லாஹ் சொல்லிச் சுட்டால் போதும் என்று எண்ணிவிடாதீர்கள். குண்டு அறுப்பதில்லை, மோதி நொறுக்குகிறது. ஆகவே உயிரோடு கையில் கிடைத்து முறைப்படி அறுக்கப்பட்டாலன்றி அது ஹலாலாகாது என்பதே ஹனஃபி, ஷாஃபிஈ உலமாக்கள் பலரின் தீர்ப்பு.

அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் மான் வேட்டையைக் குற்றமாக்கியிருக்கிறது. கொல்லப்பட்ட மானும் அதன் இறைச்சியும் அரசாங்கத்தின் உடைமை என்றும் அச்சட்டம் சொல்கிறது. அரசாங்கத்தின் உடைமை என்றால் பொதுமக்களின் அமானத். 2016-ல் பீகாரில் பயிரை அழித்த நீலான்கள் 200-க்கு மேல் சுடப்பட்டபோதும், மத்திய அரசின் அறிவிப்பு பெற்று மாநில அரசே அதைச் செய்தது. தனி மனிதர் தம் இஷ்டத்துக்குத் துப்பாக்கி எடுக்க அனுமதியில்லை. எனவே இரவோடு இரவாக யாராவது மானிறைச்சி கொண்டு வந்து, "ஏழைகளுக்குப் பங்கிடுங்கள்" என்றால் வாங்காதீர்கள். அல்லாஹ் தூயவன்; தூயதையே ஏற்கிறான். அமானத்தில் கைவைத்துக் கொடுப்பது ஸதகா ஆகாது.

அப்படியானால் அந்த நாடுகளின் செய்தியில் நமக்குப் படிப்பினை இல்லையா? உண்டு. ஓநாய் முதலிய விலங்குகளை மனிதன் அழித்ததால் அங்கே மான்கள் பெருகின. வேட்டையாடுவோர் தமக்கு மிஞ்சிய இறைச்சியை உணவு வங்கிகளுக்குக் கொடுக்கின்றனர். 2024-ல் கடும் வறட்சியில் தவித்த நமீபியா நாடு 723 காட்டு விலங்குகளைக் கொன்று, இறைச்சியைப் பட்டினி கிடந்தோருக்குப் பங்கிட முடிவு செய்தது. அவர்கள் நம் மார்க்கத்தார் அல்லர். ஆயினும் கொன்ற உயிர் வீணாகக் கூடாது என்று நினைத்தார்கள். நாம் நினைக்கிறோமா?

ஒரு காலத்தில் மினாவில் அறுக்கப்பட்ட குர்பானிகளின் இறைச்சி பெருமளவு மண்ணில் புதைக்கப்பட்டது. 1983-ல் ஸவூதி அரசாங்கம் ஓர் ஏற்பாடு செய்து, இஸ்லாமிய வளர்ச்சி வங்கியிடம் பொறுப்பைக் கொடுத்தது. அதன் பிறகு அந்த இறைச்சி பல நாட்டு ஏழைகளைச் சென்றடைந்தது.

இதன் வேர் மதீனாவில் இருக்கிறது. ஓர் ஆண்டு பெருநாள் சமயத்தில் ஏழைகளான கிராமத்து அரபிகள் மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் எவரும் வைத்திருக்க வேண்டாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அடுத்த ஆண்டு, வந்திருந்த அந்த ஏழைகளுக்காகவே தடுத்ததாகச் சொல்லி, உண்ணவும் சேமிக்கவும் தர்மம் செய்யவும் அனுமதித்தார்கள். வீட்டில் இறைச்சி வைப்பது குற்றமல்ல. வாசலில் பசித்தவன் இருக்கும்போது வைப்பதுதான் கேள்விக்குரியது.

இப்போது நம் வாசலைப் பாருங்கள். சிறுசேரியில் வானளாவிய கட்டிடங்களைக் கட்ட வடநாட்டிலிருந்து வந்தவர்கள் தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் கலிமாச் சொன்ன நம் சகோதரர்களும் உண்டு. பெருநாளன்று அவர்கள் சட்டியில் என்ன வெந்தது என்று நாம் கேட்டதுண்டா?

பிறரைக் குறை சொல்ல நமக்குத் தகுதியில்லை. துல்ஹஜ்ஜில் வைத்த குர்பானிப் பொட்டலம் ஒன்று ரபீஉல் அவ்வலில் நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் அடியில் அகப்பட்டது. சமைக்கவும் ஆகவில்லை, கொடுக்கவும் ஆகவில்லை. ஒரு மிஸ்கீனின் பங்கைக் குப்பையில் போட்டோமே என்று வெட்கித் தவ்பா செய்தோம்.

குர்பானியில் மூன்றிலொரு பங்கை ஏழைகளுக்குக் கொடுப்பது சிறப்பு. ஷாஃபிஈ மத்ஹபில் சிறிதளவேனும் பச்சை இறைச்சியாக ஏழைக்குக் கொடுப்பது கட்டாயம். ஆகவே கோவளம் முதல் வண்டலூர் வரையுள்ள ஜமாஅத்தார் பெருநாளுக்கு முன்பே கொட்டகைகளுக்குச் சென்று, அங்கிருக்கும் ஏழைகளைக் கணக்கெடுத்துக் கொள்ளட்டும். அறுத்த அன்றே, அஸருக்குள் அவர்கள் பங்கு போய்ச் சேரட்டும். தாய்மார்கள் எலும்பையும் கொழுப்பையும் ஒதுக்கித் தராமல், தம் பிள்ளைக்கு எடுத்து வைக்கும் துண்டையே தரட்டும்.

காட்டு மானைத் தேடிப் போக வேண்டாம் தம்பி! மிகுந்தது நம் வீட்டிலேயே இருக்கிறது. அதை உரியவரிடம் சேர்க்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.